பந்தக்கால் நட்ட இடம்

என் வாழ்நாளில் நான் நிர்மாணித்த ஒரே சாம்ராஜ்யம் ஒரு ஸ்டோர் ரூமில் இருந்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், சாலையைப் பார்த்த வாடகை வீடு. கூடத்தில் நாலு கம்ப்யூட்டர்கள். அவற்றின் நீலக் கேபிள்கள் தரையோரமாக ஓடி, சமையலறையைக் கடந்து, முன்பு புளிப்பானையும் மிளகாய் டப்பாவும் இருந்த கடப்பைக்கல் பலகையில் போய்ச் சேரும். அங்கே மூடி கழற்றிய ஐந்தாவது கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். அதுதான் மெயில் சர்வர். மூடியைக் கழற்றியதற்குக் காரணம் சூடு. வருகிறவர்களிடம் நான் சொன்ன காரணம், அடிக்கடி பராமரிக்க வேண்டிய நுட்பமான கருவி என்பது. அதுவும் பொய்யில்லை. அதை அடிக்கடி பராமரிக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் நான்.

புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அலுவலகம் அக்காவுடையது. எனக்கு ரத்த உறவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி. சென்னையில் புத்தகங்களுக்கு அச்சுக்கோத்துத் தரும் ஒரு நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அதே வேலையைச் சொந்த ஊரிலிருந்தே எடுத்துச் செய்யலாம் என்று திரும்பி வந்திருந்தார். மூன்று பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டார். கூடவே என்னையும். முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்த நான், பல வேலைகளில் சேர்ந்து எதிலும் நிலைக்காமல், நிறையப் படித்தவன் என்ற பெயரை மட்டும் ஈட்டியிருந்தேன். ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி என்னிடம் இருந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் அது ஒரு தகுதி.

ஒரு வருடம் துண்டு துக்கடா வேலைகளில் ஓடியது. பிறகு அதுவும் குறைந்தது. சென்னை நிறுவனம் அக்காவின் பழைய நாற்காலியை இன்னும் காலியாக வைத்திருந்தது; மாத முடிவுக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அயல்நாட்டுப் பதிப்பகம் ஒன்று எழுதியது. பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து தர வேண்டும், வருடக்கணக்கில் வேலை இருக்கிறது, ஆனால் ஒரு நாள் சோதனை உண்டு. காலையில் பக்கங்கள் வரும், மாலை ஆறு மணிக்குள் திரும்பிப் போக வேண்டும். இலவச மெயில் முகவரிகள் ஆகாது. சொந்தமாக சர்வர் வேண்டும். இணையத்தில் அதற்கென்று உள்ள எண்ணை மட்டும் தங்கள் வாசலில் குறித்து வைத்துக்கொள்வார்கள், வேறெந்த எண்ணிலிருந்து வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

"முடியுமா தம்பி?" என்றார் அக்கா.

"முடியும்க்கா" என்றேன். மெயில் சர்வர் அமைப்பது பற்றிய புத்தகத்தில் முதல் அத்தியாயம்தான் அப்போது முடித்திருந்தேன்.

மெயில் சர்வர் என்பது வாங்கி வைத்து ஸ்விட்சைப் போட்டால் ஓடும் மிக்சி அல்ல. நாம் அனுப்பும் கடிதத்தைக் கையில் வாங்கும் முன், எதிர்ப்பக்க சர்வர் நம் எண்ணைத் தலைகீழாகத் தேடிப் பார்க்கும். அந்த எண்ணுக்கு எதிரே ஒரு பெயர் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கதவைச் சாத்திக்கொள்ளும். எங்கள் எண்ணுக்குப் பெயர் இல்லை. இதை நான் தொலைபேசி அலுவலகத்தில் ஓர் அதிகாரியிடம் போய் விளக்கினேன்.

"யாருக்குப் பேர் வெக்கணும்?"

"நம்பருக்கு சார்."

"பேருக்குத்தானே நம்பர் குடுப்போம். நம்பருக்கு எதுக்குய்யா பேரு?"

நான் கோயிலுக்குப் போனதைவிட அவர் மேசைக்குப் போனது ஜாஸ்தி. கடைசியில், நான் இனி வராமலிருந்தால் போதும் என்ற நிலையில், சென்னைக்கு எழுதி அந்தப் பெயரைப் பதிந்து கொடுத்தார். நல்ல மனிதர்.

அடுத்தது குரங்குகள். தொலைபேசிக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி, ஆசிரமத்துப் பக்கத்துக் குரங்குகளுக்கு ஊஞ்சல். வாரம் ஒருமுறை அறுந்தது. லைன்மேன் அலுத்துப்போய், இனி குரங்கைக் கூப்பிட்டே கட்டிக்கொள்ளச் சொன்னார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கம்பத்திலிருந்து வாசல் வரை கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுவந்துவிட்டால்? ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் போல் வெட்டி, நாலு கம்பி கொண்ட கேபிளை அதில் படுக்கவைத்து மூடினோம். இரண்டு கம்பி ஃபோனுக்கு, இரண்டு கம்பி சர்வரை வெளியுலகத்தோடு இணைக்கும் லீஸ்டு லைனுக்கு. மேலே நின்று மேற்பார்வை பார்த்தது நான்தான். குரங்குகள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு ஏமாந்து போயின. என் தொழில்வாழ்க்கையின் உச்சம் அது. அந்தக் கேபிள் எந்த இடத்தில் எப்படி வளைந்து போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். யாரும் கேட்கவில்லை என்பதுதான் பின்னால் பிரச்சினையாயிற்று.

சர்வர் ஓடத் தொடங்கியது. வெளியூர் நண்பர்களுக்கு மெயில் போனது, பதில் வந்தது. அக்கா பதிப்பகத்துக்கு எழுதினார். சோதனைக்கு வசதியான ஒரு நாளை நீங்களே சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

ஒரு நாள் காலையில் வந்தபோது அக்கா மலர்ந்த முகத்தோடு இருந்தார்.

"நாள் சொல்லிட்டேன் தம்பி."

"என்னிக்குக்கா?"

"சித்திரா பௌர்ணமி. நட்சத்திரமும் நல்லா அமைஞ்சிருக்கு."

நான் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் வருவார்கள். எங்கள் வாசல் சாலையே கிரிவலப் பாதை. பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும், ஆட்டோ உள்ளே வராது, செல்ஃபோனில் ஒரு பெண் திரும்பத் திரும்ப வருத்தம் தெரிவித்துக்கொண்டிருப்பாள், கரண்ட் தன் இஷ்டத்துக்குப் போகும். அதிலும் சித்திரா பௌர்ணமி.

"அக்கா, அன்னிக்கு ஏதாவது ஒண்ணுன்னா ஒரு லைன்மேன் கூட வரமாட்டான்."

"ஒண்ணும் ஆவாது. அதுக்குத்தான் மோர்ப் பந்தலும் வேண்டிக்கிட்டிருக்கேன். வாசல்லயே போட்டுடலாம். சர்வருக்கு நீ, மத்ததுக்கு அண்ணாமலையார்."

பொறுப்புகளை அவர் பிரித்த விதத்தில் எனக்கு வந்த பங்கு பெரிதாகப் பட்டது. ஆனால் மெயில் போய்விட்டிருந்தது.

அன்றைக்குக் காலை ஒன்பது மணி வாக்கில் பக்கங்கள் வந்து இறங்கின. சர்வரில் அந்த மெயில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது, இப்படியே சந்நியாசம் வாங்கிக்கொண்டு எதிரே மலைக்குப் போய்விடலாம் போலிருந்தது. எப்போதோ வாழ்ந்த ஓர் ஆங்கிலேயத் தோட்டக்காரரின் கையெழுத்துக் குறிப்புகள். ரோஜாச் செடிகளைப் பூச்சி அரிப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புலம்பியிருந்தார். எழுத்தும் பூச்சி அரித்ததுபோலத்தான் இருந்தது.

அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இன்னிக்கு நீ சர்வர் கிட்ட போகக் கூடாது."

"ஏன்க்கா?"

"நல்லாத்தான ஓடுது? நீ போனா எதையாவது நல்லது பண்றேன்னு நோண்டுவ. சாயந்தரம் அனுப்பறப்ப போனா போதும். அதுவரைக்கும் பொண்ணுங்களுக்குக் கையெழுத்து படிச்சுச் சொல்லு."

நியாயமான உத்தரவு. நான் கூடத்தில் உட்கார்ந்து தோட்டக்காரரைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று பெண்களில் வேகமாகத் தட்டுகிறவளுக்கு வாயும் அதே வேகம்.

"சார், இந்த ஆளு கல்யாணம் பண்ணிக்கலையா?"

"தெரியலயேம்மா. ஏன்?"

"பண்ணிக்கிட்டிருந்தா செடிக்கு இவ்ளோ நேரம் கெடைக்காது."

ராகுகாலம் கழிந்ததும் வாசலில் பந்தல் வேலை ஆரம்பித்தது. அக்காவின் தம்பி அடி அண்ணாமலையிலிருந்து சவுக்குக் கம்புகளும் தென்னங்கீற்றும் முதல் நாளே கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஆறடி ஆள், நிலத்தில் இறங்கினால் மாட்டுக்குச் சமமாக உழைப்பார். கடப்பாரையின் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அது மங்கலமான சத்தமாகத்தான் பட்டது. மதியத்துக்குள் பந்தல் எழும்பி, நாலு பெரிய பானைகளில் இஞ்சியும் கறிவேப்பிலையும் மிதக்க மோர் வந்து, மலை சுற்றுகிறவர்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். அக்கா உள்ளே வந்து பக்கங்களைச் சரிபார்ப்பார், வெளியே போய் நாலு பேருக்கு மோர் ஊற்றுவார், மறுபடி உள்ளே வருவார்.

மூன்றரை மணிக்கு வேலை முடிந்தது. ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அக்கா கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சாமி படத்தைப் பார்த்துக் கண்ணை மூடி, அனுப்பும் பொத்தானை அழுத்தினார். "போச்சா பாரு" என்றார்.

நான் ஸ்டோர் ரூமுக்குப் போனேன். மெயில் போகவில்லை. வரிசையில் நின்றது. ஒரு நிமிடம் காத்திருந்தேன். அப்படியே நின்றது. பலகையின் ஓரத்தில், லீஸ்டு லைன் வந்து சேரும் மோடம். எப்போதும் பச்சையாக எரிகிற அதன் விளக்கு எரியவில்லை.

அதன் பின்னால் செருகியிருந்த கம்பியை அழுத்திப் பார்த்தேன்.

முதலில் எனக்குத் தோன்றியது, இதற்குக் காரணம் நான்தான் என்பது. முதல் நாள் மாலை, எல்லோரும் போன பிறகு, சர்வரின் அமைப்பில் ஒரு வரியைக் கொஞ்சம் அழகுபடுத்தியிருந்தேன். அதைப் பழையபடி மாற்றினேன். விளக்கு எரியவில்லை. அதற்கு முந்திய நாள் செய்த அழகையும் கலைத்தேன். சர்வரை அணைத்துப் போட்டேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். அக்கா வாசலில் வந்து நின்றார்.

"தொட்டியா?"

"இன்னிக்குத் தொடலக்கா."

"நேத்து?"

நான் மோடத்தை இன்னொரு முறை அணைத்துப் போட்டேன். முதுகில் அவர் பார்வை சுட்டது.

சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதுவரை படிக்காத அத்தியாயங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒருவன் முழு ஈடுபாட்டோடு படிக்க வேண்டுமென்றால் அவனுக்கு இப்படி ஒரு நிலைமை வர வேண்டும். நாலரை ஆகிவிட்டது. தொலைபேசி அலுவலகத்தைக் கேட்போம் என்று வேகமாகத் தட்டுகிறவள் ஃபோனை எடுத்தாள். காதில் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"சார், இதுவும் செத்துப்போச்சு."

ஃபோனும் இல்லை, லீஸ்டு லைனும் இல்லை. அப்படியென்றால் என் அமைப்பில் தவறில்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அடுத்த நொடி, இரண்டுக்கும் பொதுவானது எது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே வாசலுக்கு நடந்தேன்.

பந்தலின் இடது முன்பக்கக் கால், அழகாக, செங்குத்தாக, நான் மேற்பார்வை பார்த்து மூடிய வாய்க்காலின் நட்ட நடுவில் நின்றது.

"இந்தக் குழி தோண்டறப்ப ஏதாவது தட்டுப்பட்டுச்சா?" என்று அக்காவின் தம்பியிடம் கேட்டேன். என் குரல் எனக்கே நிதானமாகக் கேட்டது.

"ஆமா சார். வேர் மாதிரி ஒண்ணு. ரெண்டு குத்துக்கு அசையல. அப்பால ஓங்கி ஒண்ணு வெச்சேன் பாருங்க."

"அது வேர் இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். "இன்னா சார் சொல்றீங்க? கம்பி மேல இல்ல போவும்?"

குரங்குகளைப் பற்றி விளக்க அது நேரமில்லை. ஊருக்குள் போய் லைன்மேனைக் கூப்பிட வேண்டுமென்றால் கூட்டத்தை எதிர்த்து நடக்க வேண்டும்; இல்லையென்றால் எல்லோரோடும் சேர்ந்து மலையைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டிலும் ஆறு மணி தாண்டிவிடும். மிலிட்டரி மாதிரி ஓடிப் போனாலும், சித்திரா பௌர்ணமி அன்றைக்கு லைன்மேன் எங்கே இருப்பார் என்று அவர் வீட்டுக்கே தெரியாது.

"காலைப் பிடுங்கணும்" என்றேன். "குழியைத் தோண்டி அறுந்த ரெண்டு முனையையும் எடுக்கணும். பந்தலைப் பிரிச்சுடலாம்."

தம்பி சட்டென்று குறுக்கே வந்து நின்றார். "அது மட்டும் ஆவாது சார். ஜனங்க குடிச்சுக்கிட்டிருக்கறப்ப பந்தலைப் பிரிக்கறதா? குடும்பத்துக்கு ஆவாது. வேணும்னா பக்கத்துல இன்னொரு குழி போட்டு, காலை அங்க மாத்திடறேன்." கடப்பாரையைக் கையில் எடுத்தார்.

"வேணாம்" என்று நானும் அக்காவும் ஒரே குரலில் சொன்னோம்.

அக்கா திரும்பிப் பந்தலைப் பார்த்தார். பந்தலுக்குள் வரிசை நீண்டிருந்தது. வெயிலில் கருத்த முகங்கள், தோளில் தூங்கும் குழந்தைகள், வெறுங்கால்கள். பானையில் இன்னும் பாதிக்கு மேல் மோர் இருந்தது. உள்ளே, ஒரு பெண் ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் விஷயம் தெரியும். இந்த அலுவலகம் போனால் அவளுக்கு இந்த ஊரில் இன்னொரு கீபோர்டு கிடைக்காது. அக்காவுக்கு சென்னை நாற்காலி இருந்தது. அதில் போய் உட்காருவதைத்தான் அவர் தோல்வி என்று நினைத்தார்.

"பந்தலும் நிக்கணும், மெயிலும் போவணும்" என்றார் அக்கா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் காலிடம் போனார். "டேய், காலைத் தூக்கி இந்தச் செங்கல் மேல வை. நான் புடிச்சுக்கறேன்."

தம்பி குழியிலிருந்து காலை உருவிப் பக்கத்தில் ஒரு செங்கல்மேல் நிறுத்தினார். கூரையின் மூலை ஒரு முழம் இறங்கி நின்றது. அக்கா கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தம்பியால் பிடிக்க முடியாது. மண்ணைக் கையால் அள்ளிக் குழியை அகலப்படுத்த அவர்தான் வேண்டும், அந்தக் கையை மட்டுமே நான் அப்போது நம்பினேன். பெண்களில் ஒருத்தி மோர் ஊற்ற வந்தாள். ஆனால் அக்காவுக்கு உயரம் போதவில்லை. கம்பு சாய்ந்தது. வரிசையில் நின்ற ஒருவர், வேலூர்ப்பக்கத்து ஆள் போலிருந்தார், தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தானே வந்து பிடித்தார்.

"இன்னாம்மா, கால் நட்டுக்கலையா?"

"நட்டதுதாங்க தப்பாயிடுச்சு. கொஞ்சம் புடிச்சுக்கிறீங்களா? அடுத்தவங்க மோர் குடிச்சு முடிக்கிற வரைக்கும்."

"புடிக்கறேன். அதுக்கு இன்னா."

அவர் பிடித்தார். அடுத்தவர் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, இயல்பாக வந்து கம்பை வாங்கிக்கொண்டார். அவருக்கு அடுத்தவரும். யாரும் காரணம் கேட்கவில்லை. மோர் குடித்தவர் காலைப் பிடிக்க வேண்டும் என்பது இந்தப் பந்தலின் வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஒரு தெலுங்குக்காரர் பின்னால் நின்றவரிடம் ஏதோ கேட்டார், "சேவ" என்று தெலுங்கிலேயே ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அவர் கம்பைப் பிடித்ததோடு ஒரு அரோகராவும் போட்டார்.

நான் குழியில் குப்புறப் படுத்திருந்தேன். அறுந்த முனைகள் இரண்டும் கிடைத்தன. ஆனால் நடுவே ஒரு சாண் கேபிள் கடப்பாரை பட்டு நைந்து போயிருந்தது. இழுத்துப் பார்த்தேன், எட்டவில்லை. உள்ளே சத்தம் போட்டேன். வேகமாகத் தட்டுகிறவள் என் கம்ப்யூட்டரின் நீலக் கேபிளையே கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். அதற்குள் எட்டுக் கம்பிகள். நாலு போதும். மேலுறையைப் பல்லால் உரித்து, ஒவ்வொரு கம்பியாக முறுக்கத் தொடங்கினேன். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. பல மாதங்களாக இதே மாதிரிக் கம்பிகளை உரித்தவன்தான். குழிக்குள் படுத்துக்கொண்டு உரித்ததில்லை. கம்பைக் கைமாற்றும்போதெல்லாம் யாருடைய காலோ குழியின் விளிம்பில் பட்டு மண் சரிந்து, முறுக்கியது பிரிந்தது. ஒரு குழந்தை சிந்திய மோர் கழுத்தில் இறங்கி முதுகுக்குள் ஓடியது.

"மணி என்ன?"

"அஞ்சே முக்கால் சார்" என்றாள் வேகமாகத் தட்டுகிறவள், ஜன்னலுக்குப் பின்னால் இருந்து. அவளை சர்வர் முன்னால் உட்காரவைத்திருந்தேன்; ஸ்டோர் ரூம் ஜன்னல் சாலையைப் பார்த்திருந்தது மட்டும் அந்த வீட்டை வடிவமைத்தவரின் கருணை.

கடைசி முறுக்கைப் போட்டேன்.

"சார், பச்சை வந்துச்சு." பிறகு, "போச்சு."

ஒரு முறுக்கு நிற்கவில்லை. விரலால் அழுத்திப் பிடித்தேன்.

"வந்துச்சு சார்."

"இப்ப நான் சொல்றத அப்படியே அடி." வரிசையில் நிற்கும் மெயிலை மறுபடி தள்ளிவிடும் கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். வாய் முழுக்க மண். "அப்பறம் ஒரு இடம் விடு. சின்னக் கோடு. எஃப்."

"எஃப் பெருசா சின்னதா?"

"சின்னது."

அந்த நேரம் பார்த்து என் விரல் வழியாக ஏதோ கடித்தது. தேள் என்று நினைத்துக் கத்தப் போனேன். உள்ளே ஃபோன் மணி அடித்தது; அதன் கம்பியும் என் விரலை ஒட்டித்தான் இருந்தது. ஃபோன் கம்பியில் மணி அடிக்கும்போது மட்டும் மின்சாரம் எகிறும் என்று எந்தப் புத்தகத்திலோ படித்திருந்தேன். எவ்வளவு எகிறும் என்று இப்போதுதான் தெரிந்தது. விரலை எடுத்தால் பச்சை போய்விடும். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடி கடித்தது.

"சார், ஃபோன் அடிக்குது, எடுக்கட்டுமா?"

"எடும்மா, எடுத்துத் தொலை."

கடி நின்றது. கூடத்தில் இன்னொரு பெண்ணின் குரல் கேட்டது. "அக்கா, உங்கம்மா. மோர் பத்துதானு கேக்கறாங்க."

"பத்துதுன்னு சொல்லு" என்றார் அக்கா, என்னையே பார்த்துக்கொண்டு.

"அடிச்சுட்டியாம்மா?" என்றேன்.

"அடிச்சுட்டேன் சார். ஒண்ணும் வரல."

ஒண்ணும் வரவில்லை. என் தலைக்கு மேல் யாரோ கம்பைக் கைமாற்றினார்கள். கூரை அசைந்தது. மண் உதிர்ந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், மூச்சுக் காற்றுக்குக் கூட அந்த முறுக்கு பிரிந்துவிடும் என்பதுபோல. மேலே அக்கா மோர் ஊற்றும் சத்தம் நின்றிருந்தது.

"சார், ஒரு லைன் வந்திருக்கு."

"படி."

"இருநூத்தி அம்பது... ஓகே... அப்பறம் என்னமோ நம்பர்."

எதிர்ப்பக்க சர்வர் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டால் சொல்கிற சொல் அது. நான் விரலை எடுக்கவில்லை. "நல்லாப் பாத்துப் படி, இருநூத்தி அம்பதா?"

"எனக்கு நம்பர் படிக்கத் தெரியாதா சார்? தோட்டக்காரன் கையெழுத்தையே படிச்சவ நானு."

நான் குழியிலிருந்து எழுந்தேன். அக்கா ஒரு தம்ளர் மோரை என் கையில் கொடுத்தார். குடித்து முடித்ததும், பக்கத்தில் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்த பெரிய மீசைக்காரர் என்னைப் பார்த்தார். முறை என்னுடையது என்று புரிந்தது. வாங்கிப் பிடித்துக்கொண்டேன். அடுத்தவர் குடித்து முடிக்கும்வரை.

மோர் தீரும்வரை அந்தக் காலை யாரும் கீழே விடவில்லை. என் முறுக்குகள்மேல் அக்காவின் தம்பி ஒரு பால் கவரைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, அதைச் சுற்றி நாலு செங்கல் வைத்துக் காவல் போட்டார். கடப்பாரையை அன்றைக்கே வண்டியில் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான்.

மறுநாள் அந்தப் பால் கவருக்குள்ளிருந்துதான் பதில் வந்தது. வேலை திருப்தி, சில இடங்களில் தோட்டக்காரரைவிடத் தெளிவாக இருக்கிறது, தொடங்க வசதியான ஒரு நாளை நீங்களே சொல்லுங்கள். அக்கா அதை இரண்டு முறை படித்தார். சென்னைக்கு ஒரு வரி எழுதி அந்த நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். பிறகு பழக்கத்தில் பஞ்சாங்கத்தை எடுத்தவர், பிரிக்காமல் என் பக்கம் தள்ளினார்.

"நீயே ஒரு நாள் சொல்லு தம்பி."

நான் வெகுநேரம் புரட்டி ஒரு திங்கட்கிழமையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அன்னிக்கு அஷ்டமி."

"ஆமாக்கா. அஷ்டமி அன்னிக்கு ஊர்ல ஃபோன் எல்லாம் வேலை செய்யும்."

பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து அந்தத் தேதியைத் தட்டினார். அனுப்பும் முன், ராகுகாலம் முடியட்டும் என்று மட்டும் கொஞ்சம் காத்திருந்தார்.